படுக்கையோர மீயொலி நோட்டப் பயிற்சி

படுக்கையோர மீயொலி நோட்டப் பயிற்சி என்பது, நோயாளியின் படுக்கையருகிலேயே மீயொலிக் கருவியை இயக்கி, கிடைக்கும் படத்தைத் தாமே படித்து, அதனைக் கொண்டு உடனடியாகச் சிகிச்சை முடிவெடுக்கும் திறனைப் பயிற்சி மருத்துவர்களுக்குக் கற்பிப்பதாகும். மீயொலி நோட்டம் பேச்சு வழக்கில் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் அல்லது சுருக்கமாக ஸ்கேன் என்று அழைக்கப்படுகின்றது.

வழமையான முறையில் நோயாளி ஸ்கேன் அறைக்கு அனுப்பப்படுகிறார். அங்கு கதிரியல் வல்லுநர் படம் எடுத்து அறிக்கை எழுதுகிறார். அவ்வறிக்கையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் படித்து முடிவெடுக்கிறார். படுக்கையோர முறையில் இவ்வேலைகள் அனைத்தும் ஒருவரிடமே வந்து சேர்கின்றன. விரைவு இதன் பயன். ஆனால், படம் தவறாக எடுக்கப்பட்டாலோ தவறாகப் படிக்கப்பட்டாலோ, சிகிச்சை தொடங்குமுன் அதனைக் கண்டுபிடிக்க இடையில் வேறொருவர் இருப்பதில்லை. மீயொலிப் படத்தின் தரம் கருவியை விடவும் அதனைப் பிடித்திருக்கும் கையையே பெரிதும் சார்ந்திருப்பதால், இத்துறையில் கருவியை வாங்குவது எளிது. கையைப் பழக்குவதே கடினம்.

வரலாறு

மீயொலியை மருத்துவத்தில் பயன்படுத்தும் முயற்சிகள் 1940களில் தொடங்கின. கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னர் இது மகப்பேறு மருத்துவத்தில் வேரூன்றியது. அக்காலக் கருவிகள் பெரியவை. தனி அறையும் தனி வல்லுநரும் தேவைப்பட்டனர்.

விபத்தில் அடிபட்டு வருவோரின் வயிற்றுக்குள் இரத்தம் கசிகின்றதா என்பதை அறுவை மருத்துவர்களும் அவசர மருத்துவர்களும் தாமே மீயொலியால் பார்க்கும் வழக்கம், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பழகிய பின்னர் 1990களில் அமெரிக்காவில் பரவியது. இச்சோதனை ஃபாஸ்ட் என்னும் பெயர் பெற்றது. 1994ஆம் ஆண்டு அமெரிக்க அவசர மருத்துவப் பயிற்சியாளர்களுக்கான மாதிரிப் பாடத்திட்டம் ஒன்று வெளியானது. மீயொலி நோட்டம் ஒரு துறைக்கு மட்டும் உரியதன்று, தகுந்த பயிற்சி பெற்ற எந்த மருத்துவரும் அதனைச் செய்யலாம் என்னும் நிலைப்பாட்டை 1999ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் சங்கம் ஏற்றது. கதிரியல் துறைக்கும் பிற துறைகளுக்கும் இடையே நடந்த நீண்ட உரிமைப் பூசலில் இது ஒரு திருப்பம் எனலாம்.

அதே 1999ஆம் ஆண்டில் கையில் தூக்கிச் செல்லத்தக்க சோனோசைட் 180 என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவின் தென் கரொலைனா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2006ஆம் ஆண்டு முதல், பட்டம் பெறுமுன்னரே நான்கு ஆண்டுகளும் மாணவர்கள் மீயொலி பயிலும் வகையில் பாடத்திட்டத்தை அமைத்தது. 2010களில் சட்டைப்பையில் அடங்கும் கருவிகளும், கைப்பேசியில் இணைத்துப் பார்க்கும் கருவிகளும் வந்துவிட்டன. பயிற்சி அந்த வேகத்தில் பரவவில்லை.

என்ன கற்பிக்கப்படுகின்றது

படுக்கையோர நோட்டம் முழுமையான ஆய்வு அன்று. ஆம் அல்லது இல்லை என்று விடை கூறத்தக்க ஒரு கேள்வியை முன்வைத்தே அது தொடங்கும். வயிற்றறையில் நீர்மம் உள்ளதா? இதயவுறைக்குள் நீர் கோத்துள்ளதா? சிறுநீர்ப்பை நிறைந்துள்ளதா? நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்துள்ளதா? கேள்வியைக் குறுக்கிக் கொள்ளப் பழகுவதே முதற்பாடம். கல்லீரலில் காணப்படும் ஒரு புள்ளி என்னவென்று கூறுவது பயிற்சி மருத்துவரின் வேலையன்று. அத்தகையதைக் கண்டால் கதிரியல் துறைக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்து, புரோபு எனப்படும் ஆய்வுமுனையைப் பிடிக்கும் முறை. அதிர்வெண் கூடிய நேர்கோட்டு முனை தோலுக்கு அண்மையில் உள்ள இரத்தக் குழாய்களையும் தசைகளையும் நுணுக்கமாகக் காட்டும். ஆனால் அதன் ஒலி ஆழம் செல்லாது. அதிர்வெண் குறைந்த வளைமுனை ஆழமாகச் சென்று வயிற்று உறுப்புகளைக் காட்டும், நுணுக்கம் குறையும். விலா எலும்புகளுக்கு இடையில் புகுந்து இதயத்தைப் பார்க்கச் சிறிய முகம் கொண்ட வேறொரு முனை உண்டு. முனையை நகர்த்துதல், சாய்த்தல், ஆட்டுதல், சுழற்றுதல் ஆகிய நான்கும் வெவ்வேறு அசைவுகள். புதியவர்கள் படம் கிடைக்காதபோது நான்கையும் ஒருசேரச் செய்வார்கள். ஒரு நேரத்தில் ஓர் அசைவு மட்டும் என்பதை ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கூற வேண்டியிருக்கும்.

படத்தில் நீர்மம் கருமையாகவும், எலும்பின் மேற்பரப்பு வெண்மையாகவும், அதன் பின்புறம் நிழலாகவும் தெரியும். இவ்வளவு மட்டும் கற்றவர் எளிதில் ஏமாறுவார். இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பு இதயவுறை நீர் போலத் தோன்றும். இரைப்பையில் உள்ள நீர் வயிற்றறை இரத்தம் போலத் தோன்றும். மூச்சு விடும்போது நுரையீரல் உறைகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்குவது திரையில் தெரியாவிட்டால் உள்ளே காற்று புகுந்திருக்கலாம். ஆனால் உறைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அந்த நுரையீரலுக்குக் காற்றே செல்லாவிட்டாலும் அவ்வாறே தெரியும். நுரையீரல் காற்று நிறைந்தது ஆகையால் மீயொலிக்கு உதவாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதன்மீது தோன்றும் போலித் தோற்றங்களையே நோயறிகுறிகளாகப் படிக்கலாம் என்று பிரான்சு நாட்டின் தீவிர சிகிச்சை மருத்துவர் தானியேல் லிக்டென்ஸ்டைன் காட்டினார். அவர் 2008இல் வெளியிட்ட புளூ நெறிமுறை, மூச்சுத்திணறலின் காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியக் கற்பிக்கும் பாடமாக இன்றும் பயன்படுகின்றது.

இல்லை என்னும் விடை

"நீர்மம் இல்லை" என்னும் விடையை எவ்வளவு நம்பலாம் என்பது பயிற்சியின் மிக முக்கியமான பகுதி. 1995ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நோயறிதலுக்காக வயிற்றறையைக் கழுவும் சோதனைக்கு உட்பட்ட 100 நோயாளிகளிடம், நீர்மம் உட்செலுத்தப்படும்போதே மருத்துவர்கள் கல்லீரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடைப்பட்ட பகுதியை மீயொலியால் நோக்கினர். எவ்வளவு செலுத்தப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. சராசரியாக 619 மில்லி லிட்டர் சேர்ந்த பின்னரே அவர்களால் நீர்மத்தைக் காண முடிந்தது. 400 மில்லி லிட்டருக்குக் குறைவாக இருக்கும்போதே கண்டவர்கள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் மட்டுமே.

அதாவது, அரை லிட்டர் இரத்தம் கசிந்திருந்தும் அப்பகுதி வெறுமையாகத் தெரியக்கூடும். எனவே விபத்துக்குப் பின் முதல் சில நிமிடங்களில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், நோயாளி நலம் என்று பொருளன்று. சற்று நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்றே பொருள். நீர்மம் கல்லீரலின் கீழ்முனையில் முதலில் தேங்குவது மிகுதி. சிறுநீரகத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு முனையை எடுத்துவிடும் பழக்கம் இதனால் ஆபத்தானது.

கற்பிக்கும் முறை

பெரும்பாலான இடங்களில் ஓரிரு நாள் அறிமுக வகுப்புடன் பயிற்சி தொடங்குகின்றது. கருவியின் ஆழம், ஒளிர்வு முதலியவற்றைச் சரிசெய்யும் பொத்தான்களை அறிந்த பின்னர், பயிற்சியாளர்கள் ஒருவரையொருவர் நோட்டமிட்டுப் பழகுவர். நலமான உடலின் இயல்பான தோற்றம் கண்ணில் பதியாதவருக்கு நோயின் தோற்றம் தெரியாது. இதில் ஓர் அறச்சிக்கலும் உண்டு. படுத்திருக்கும் மாணவருக்கே எதிர்பாராத கட்டியோ கல்லோ வெளிப்படலாம். அவ்வாறு நேர்ந்தால் யார், எவ்வாறு அவரிடம் கூறுவது என்பதை முன்னரே தீர்மானித்து, அவருடைய ஒப்புதலையும் பெற்றிருக்க வேண்டும்.

ஊசி குத்திப் பழகுவதற்கு விலையுயர்ந்த பொம்மைகள் விற்கப்படுகின்றன. ஜெலட்டின் கூழில் இரப்பர் குழாயைப் புதைத்தோ, கோழியின் நெஞ்சிறைச்சிக்குள் நீர் நிரப்பிய குழாயைச் செருகியோ மிகக் குறைந்த செலவில் அதே பயிற்சியை அளிக்கலாம். பல பயிற்சிக் கூடங்கள் இவற்றையே விரும்புகின்றன.

இதன் பின்னரே நோயாளிகளிடம் பயிற்சி. முதலில் ஆசிரியர் அருகில் நிற்பார். பின்னர் பயிற்சியாளர் தனியே எடுத்த படங்கள் சேமிக்கப்பட்டு, வாரந்தோறும் ஆசிரியரால் பார்வையிடப்பட்டு, எக்ஸ் கதிர்ப் படம், சி.டி. ஸ்கேன், அறுவையில் கண்டவை ஆகியவற்றுடன் ஒப்பிடப்படும். இந்த மீள்பார்வைதான் பயிற்சியின் உயிர்நாடி. படங்களைச் சேமிக்காமல் செய்யும் நூறு நோட்டங்கள் ஒரே பிழையை நூறுமுறை பழக்கிவிடக்கூடும். ஆய்வுமுனையை ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் துடைத்துத் தூய்மை செய்வதும் பாடத்தின் பகுதியே; அவசரத்தில் முதலில் மறக்கப்படுவதும் அதுவே.

ஊசியின் முனை

கழுத்துச் சிரையில் குழாய் செலுத்தும்போது மீயொலியின் துணை கொள்வதை 2001இல் அமெரிக்க அரசின் நோயாளர் பாதுகாப்பு அறிக்கையும், 2002இல் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பும் பரிந்துரைத்தன. திரையில் பார்த்துக்கொண்டே குத்துவதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று தோன்றும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், முன்னரே மீயொலிப் பயிற்சி பெற்றிருந்த 25 பயிற்சி மருத்துவர்கள் பொம்மை உடலில் இதனைச் செய்தனர். அவர்களில் 16 பேரின் ஊசி சிரையின் பின்சுவரையும் துளைத்துச் சென்றது.

காரணம் எளியது. குழாயைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படத்தில் ஊசி ஒரு வெண்புள்ளியாகவே தெரியும். அப்புள்ளி ஊசியின் முனையா, தண்டின் நடுப்பகுதியா என்பதைப் படம் கூறாது. தண்டைக் கண்டு முனை என நம்பியவர் மேலும் உள்ளே தள்ளுவார்; பின்னால் கழுத்துத் தமனி இருக்கக்கூடும். எனவே முனை மறையும் வரை ஆய்வுமுனையை முன்னகர்த்தி, அது மீண்டும் தோன்றும் வரை ஊசியைத் தள்ளி, சிறிது சிறிதாக முன்னேறுமாறு கற்பிக்கப்படுகின்றது. ஊசியை முழு நீளத்திலும் காட்டும் நெடுக்குப் படம் வேறொரு வழி. அதில் கை சற்றே பக்கவாட்டில் விலகினாலும் ஊசி மறைந்துவிடும்.

இதயம் நின்றவரைப் பார்ப்பதிலும் இத்தகைய எச்சரிக்கை தேவை. நாடி பார்ப்பதற்காக மார்பு அழுத்தத்தை நிறுத்தும் இடைவெளி 10 நொடிகளைத் தாண்டக்கூடாது. 2017ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மீயொலி பயன்படுத்தப்பட்ட இடைவெளிகள் சராசரியாக 21 நொடிகளும், பயன்படுத்தப்படாதவை 13 நொடிகளும் நீடித்தன. படத்தில் லயித்த மருத்துவர் நேரத்தை மறந்துவிடுகிறார். அழுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே முனையை இடத்தில் வைத்து, இடைவெளியில் படத்தைப் பதிவு மட்டும் செய்து, அழுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் பதிவைப் படிக்க வேண்டும் என்பது இப்போது கற்பிக்கப்படும் முறை. மற்றொருவர் நொடிகளை உரக்க எண்ணுவதும் உண்டு.

தேர்ச்சியை அளத்தல்

அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரியின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டி, ஒவ்வொரு வகை நோட்டத்துக்கும் மீள்பார்வை செய்யப்பட்ட 25 முதல் 50 சோதனைகளும், மொத்தத்தில் 150 முதல் 300 சோதனைகளும் தேவை என்றது. எண்ணுவது எளிது என்பதால் இவ்வெண்கள் உலகெங்கும் பரவின. ஆயினும் கற்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். உறுப்புக்கு உறுப்பும் மாறும். சிறுநீர்ப்பையைக் காண ஒரு பிற்பகல் போதும். இதயத்தின் சுருங்கு திறனைக் கண்ணால் மதிப்பிட 25 சோதனைகள் பலருக்குப் போதா. ஆகையால் எண்ணிக்கையைக் குறைந்தபட்சத் தகுதியாக மட்டும் கொண்டு, நேரடியாகச் செய்து காட்டும் தேர்வு, படங்களைப் படிக்கும் தேர்வு ஆகியவற்றையும் சேர்க்கும் போக்கு வளர்ந்துள்ளது. படம் சரியாக எடுத்து, சரியாகப் படித்தும், அதற்கேற்பச் சிகிச்சையை மாற்றத் தவறும் மருத்துவரை இத்தேர்வுகளாலும் எளிதில் கண்டுபிடிக்க முடிவதில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் இப்பயிற்சிக்குச் சட்டப் பின்னணி ஒன்று உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து பெண் கருக்களை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 2003இல் திருத்தப்பட்டது. இதன்படி மீயொலிக் கருவிகள் இருக்கும் இடங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். எடுத்துச் செல்லத்தக்க கருவிகளின் பயன்பாடு 2012ஆம் ஆண்டு விதிகளால் மேலும் கட்டுப்படுத்தப்பட்டது. பிற நாடுகளில் மருத்துவரின் சட்டைப்பையில் செல்லும் கருவி இங்கு அவ்வாறு செல்ல இயலாது.

எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவர்கள் வயிறு, இடுப்பறை ஆகியவற்றின் மீயொலி நோட்டம் செய்ய ஆறு மாதப் பயிற்சி பெற வேண்டும் என 2014ஆம் ஆண்டு விதிகள் கூறின. இதன் பகுதிகளை 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் செல்லாதவை என்றது; அத்தீர்ப்பை 2018இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அவசர மருத்துவம் 2009ஆம் ஆண்டு தனித்துறையாக இந்திய மருத்துவக் குழுவால் ஏற்கப்பட்டது முதல், அத்துறையின் முதுநிலை மாணவர்களே படுக்கையோர மீயொலியை முறையாகப் பயில்வோரில் முன்னிற்கின்றனர். சட்டத்தின் நோக்கத்தை யாரும் மறுப்பதில்லை. விபத்துப் பிரிவில் ஆண் ஒருவரின் நெஞ்சைப் பார்க்கும் கருவிக்கும் அதே கட்டுப்பாடு தேவையா என்பதே மருத்துவர்களிடையே நிலவும் வாதம்.