குபேர் அங்காடியும் மில் சங்கும்

சென்ற மாதம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். புதுச்சேரிக்கு வருகிறவர்கள் எல்லோரையும் போல அவரும் கடற்கரையைப் பார்த்தார். வெள்ளைக்காரர் தெருக்களின் மஞ்சள் சுவர்களைப் பார்த்தார். பிறகு, "ஊர்க்காரர்கள் புழங்குகிற இடம் எதையாவது காட்டுங்கள்" என்றார். பெரிய மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். மல்லிகை வாசனையும் மீன் வாடையும் ஒரே சந்தில் கலந்து வரும் இடம் அது. அதன் பெயர் குபேர் அங்காடி என்று சொன்னதும் நண்பர் மகிழ்ந்து போனார்.

"பணம் புரளும் இடத்துக்குக் குபேரன் பெயர் வைத்தது பொருத்தந்தான்!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவர் அளகாபுரிக் குபேரன் அல்ல, எதுவார் குபேர் என்ற மனிதர். எங்கள் ஊரின் பழைய மேயர், முதலமைச்சராகவும் இருந்தவர்" என்றேன்.

"அப்படியா? எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

கத்தரிக்காய்க் கடை எதிரில் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியா அது? வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று அப்போது தப்பித்துக்கொண்டேன். அன்றிரவு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

1948 ஜூன் 8-ஆம் தேதி இந்தியாவும் பிரான்ஸும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பிரெஞ்சு இந்தியாவின் கதியை அங்குள்ள மக்களே தீர்மானிப்பது என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் நகரசபைத் தேர்தல்கள் நடந்தன. குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்டுக் கட்சி பெருவெற்றி பெற்றது. அது பிரான்ஸோடு இருப்பதே நல்லது என்று சொன்ன கட்சி. வங்காளத்தில் இருந்த சந்திரநாகூர் மட்டும் 1949 ஜூனில் வாக்கெடுத்து, இந்தியாவுக்கு 7,473 என்றும் எதிராக 114 என்றும் சொல்லிப் பிரிந்துகொண்டது. புதுச்சேரி அசையவில்லை.

ஏன் அசையவில்லை? அடியாட்களின் பயம், அதிகாரிகளின் ஆதரவு, பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்களின் பற்றுதல் என்று பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் சரித்திரப் புத்தகங்கள் விரைவாகக் கடந்துவிடும் ஒரு காரணம் உண்டு. அது சுங்கம்.

1941-இல் ஏற்பட்ட ஓர் ஒப்பந்தப்படி புதுச்சேரியும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒரே சுங்க எல்லைக்குள் இருந்தன. 1949 ஏப்ரலோடு அந்த ஒப்பந்தம் முடிந்தது. வரியில்லாமல் வெளிநாட்டுச் சரக்கு இறங்கும் துறைமுகமாயிற்று புதுச்சேரி. உடனே இந்திய சர்க்கார் சுற்றிலும் சுங்கக் காவல் போட்டது. வாசகர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. தென்னார்க்காட்டு ஊர்களுக்கு நடுவே கிழித்துப்போட்ட துணித்துண்டுகளைப் போலச் சிதறிக் கிடப்பது. ஒருவனுடைய வீடு பிரெஞ்சு எல்லையில் இருக்கும், வயல் இந்திய எல்லையில் இருக்கும். அறுத்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரச் சாவடியில் கைகட்டி நிற்க வேண்டும். அதே நேரத்தில் தங்கமும் கைக்கடிகாரமும் இரவோடு இரவாக எல்லை தாண்டின. நெருக்கப்பட வேண்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நெருக்குண்டவர்களோ கூலிக்காரர்கள். கொழுத்தவர்கள் கடத்தல்காரர்கள்.

அந்தக் காவல் சரியா, தவறா? டில்லியின் பக்கம் நியாயம் இருந்தது. வரியில்லாத வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த நாடு பொக்கிஷத்தைக் காப்பாற்ற முடியும்? காவல் இறுக இறுகத்தான் தலைவர்களின் மனமும் மாறியது என்பதையும் மறுக்க முடியாது. 1954 மார்ச்சில், பிரான்ஸ் இந்தோசீன யுத்தத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது, நகரசபைத் தலைவர்கள் வாக்கெடுப்பே வேண்டாம், இணைந்துவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். குபேர் நெட்டப்பாக்கம் போய் இந்தியக் கொடியின் கீழ் நின்றார். அவர் ஏன் திரும்பினார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தேசபக்தி என்பார் ஒருவர். பிரெஞ்சு அதிகாரிகளோடு மனக்கசப்பு என்பார் இன்னொருவர். மனிதன் எப்போதும் ஒரே காரணத்துக்காகத் திரும்புகிறானா என்ன?

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகள்; எதிராக 8. பிரான்ஸோடு இருப்போம் என்று சொன்ன கட்சியின் மூலம் பதவிக்கு வந்தவர்கள் பலர் அந்த 170 பேரில் இருந்தார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றமோ, அல்ஜீரியா விடுதலையான பிறகு, 1962 ஆகஸ்டு 16-இல்தான் நடந்தது. 1963 ஜூலையில் யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சராக வந்தவர் காங்கிரஸ் கட்சியின் எதுவார் குபேர்!

நண்பர் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் இந்தக் கதையில் வேறொரு பக்கம் இருக்கிறது.

இந்த ஊரில் மூன்று பஞ்சாலைகள் இருந்தன. சவானா, ரோடியர், கெப்ளே. நீலச் சாயத் துணி நெய்து ஆப்பிரிக்காவின் செனகலுக்கு அனுப்பிய ஊர் இது. 1936 ஜூலை 30-ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். பாரிஸில் அப்போது லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி ஆட்சி. அங்கே வரை சத்தம் கேட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. அந்தப் போராட்டத்தை நடத்தியவர் வ. சுப்பையா. குபேரின் காலத்தில், 1950-இல், அவருடைய வீடு கொளுத்தப்பட்டது. கட்சி மாறாமல் கம்யூனிஸ்டாகவே இருந்த அவரும் 1969-இல் தி.மு.க.வோடு சேர்ந்த கூட்டு மந்திரிசபையில் மந்திரியானார். மாறாதவரையும் கூட்டணி மாற்றங்கள் எங்கெங்கோ கொண்டுபோய் உட்கார வைத்தன.

பிற்பாடு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். எம்.ஓ.எச். பாரூக் 1967-இல் காங்கிரஸ் முதலமைச்சர், 1969-இல் தி.மு.க. முதலமைச்சர், 1985-இல் மறுபடியும் காங்கிரஸ் முதலமைச்சர். அண்ணா தி.மு.க.வுக்கு எங்கேயும் முதலில் ஒரு முதலமைச்சரைக் கொடுத்ததும் எங்கள் ஊர்தான். 1974-இல் வந்த அந்த ஆட்சி ஒரு மாதங்கூட நிற்கவில்லை. காங்கிரஸ் முதலமைச்சராக இருந்த ரங்கசாமி 2011 பிப்ரவரியில் தனிக்கட்சி தொடங்கினார், மே மாதத்தில் முதலமைச்சரானார். 2021 பிப்ரவரியில் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்ய, நாராயணசாமியின் காங்கிரஸ் ஆட்சி கவிழ்ந்தது. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 1985-இலேயே வந்துவிட்டது. ராஜினாமாவுக்கு அது என்ன செய்யும்?

இதற்கு ஊரின் அளவும் ஒரு காரணம். தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் முப்பது பேர்தாம். ஒரு தொகுதியில் ஏறக்குறைய முப்பதாயிரம் வாக்காளர்கள். உறுப்பினர் யார் மகன், எந்தத் தெரு என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் சட்டை மாற்றினாலும் முகம் அதேதான் என்று ஊர் நினைக்கிறது. முப்பது பேரில் நாலு பேர் எழுந்து போனால் அரசாங்கமும் எழுந்து போய்விடும்.

இதனால் யாருக்கு நஷ்டம் என்று நண்பர் கேட்டார். மறுநாள் மாலை அவரை என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அழைத்துப் போனேன்.

அவர் மூன்று மில்களில் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் தறியில் நின்றவர். எதில் என்பது இங்கே அவசியமில்லை. காது மந்தம், தறிச் சத்தம் தின்ற காது. அவருடைய மகன் தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுகிறார். இருவருக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. மில்களை சர்க்கார் எடுத்துக்கொண்டது சரியா, தவறா?

ரோடியர் மில்லை 1986-இல் புதுச்சேரி சர்க்கார் எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டும் மத்திய சர்க்காரின் தேசிய ஜவுளிக் கழகத்துக்குப் போய், பிறகு புதுச்சேரி சர்க்காரிடம் வந்தன. 2011 டிசம்பரில் அடித்த தானே புயல் மில்களையும் விட்டுவைக்கவில்லை. ரோடியர் மில் 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. மற்றவையும் ஓய்ந்துவிட்டன. மில் திடலில் பொதுக்கூட்டம் நடக்கிறது, பொருட்காட்சி நடக்கிறது. சங்கு ஊதுவதில்லை.

"எடுத்துக்கிட்டதுதான் தப்பு. வித்துட்டுக் கையைக் கழுவியிருந்தா, அன்னிக்கே எல்லாரும் வேற வேலை பார்த்திருப்பாங்க" என்றார் மகன்.

"எடுக்கலேன்னா நீ பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டடா" என்றார் பெரியவர்.

"எடுத்தாங்க, சரி. அப்புறம் காலத்துக்கு ஏத்த மிஷின் போட்டாங்களா? வந்த கட்சியெல்லாம் ஆளைத்தான் சேர்த்துச்சு. மில்லுல தறி ஓடலப்பா, கட்சிதான் ஓடிச்சு."

பெரியவருக்கு இது காதில் விழுந்ததோ என்னவோ, பதில் சொல்லவில்லை.

எனக்கு இருவர் பேச்சிலும் நியாயம் தெரிந்தது. எடுத்துக்கொள்வது ஒரு நாள் காரியம். நடத்துவது முப்பது வருஷத்துக் காரியம். சுங்கக் காவலும் இப்படித்தான், கீழூர் வாக்கெடுப்பும் இப்படித்தான். முடிவெடுத்த நாளை மட்டும் வைத்து அது சரி, இது தவறு என்று வாதாடுகிறோம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. கேட்கவும் முடிவதில்லை. "முந்தைய ஆட்சியின் தவறு" என்று ஒரு மந்திரி சொல்வார். முந்தைய ஆட்சியில் அவரே வேறு கொடியின் கீழ் உட்கார்ந்திருப்பார். கட்சி மாறுவதில் உள்ள மானக்கேடு எனக்குப் பெரிதாகப் படவில்லை. கணக்குக் கேட்க ஆள் அகப்படாமல் போவதுதான் பெரிய நஷ்டம். குபேரைப் பார்த்து நாம் சிரிக்கலாம். 1949-இல் எல்லைச் சாவடியில் நெல் மூட்டையோடு நின்றவனுக்கு யார் பதில் சொன்னார்கள்?

விடைபெறும்போது பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து நண்பரிடம் காட்டினார். வேலையில்லாமல் லே-ஆப் சம்பளம் வாங்கிய வருஷங்களின் கணக்கு அது. மாதம், வர வேண்டிய தொகை, வந்த தொகை, பாக்கி. கோடு போட்டு, மணி மணியான எழுத்தில் இருந்தது.

நண்பர் பழக்க தோஷத்தில், "இதில் எந்த மாதம் எந்த ஆட்சி என்று எழுதவில்லையே, ஐயா?" என்று அவர் காதருகே குனிந்து கேட்டார்.

"பாக்கிக்குத்தான் கோடு போட்டிருக்கேன், தம்பி. கட்சி பேரை எழுத ஆரம்பிச்சா அடிச்சு அடிச்சு எழுத வேண்டியிருக்கும். நோட்டு அசிங்கமாப் போயிடும்" என்றார் பெரியவர். பிறகு அதை மறுபடியும் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.