தகவமைவுத் தொங்கல் கட்டுப்படுத்தி

தகவமைவுத் தொங்கல் கட்டுப்படுத்தி என்பது, ஓடும் வண்டியின் வேகம், திருப்பம், சாலையின் மேடுபள்ளம் ஆகியவற்றை உணரிகள் மூலம் அறிந்து, அதற்கேற்ப அதிர்வு ஏற்பிகளின் விறைப்பைக் கூட்டியோ குறைத்தோ தரும் மின்னணுக் கருவியாகும். தொங்கல் அமைப்பு என்பது பேச்சு வழக்கில் சஸ்பென்ஷன் எனப்படுகிறது. சில மகிழுந்துகளில் இக்கருவி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. வேறு சிலவற்றில், குறிப்பாக ஸ்போர்ட்ஸ் கார் வகையில், உரிமையாளர் பின்னர் வாங்கிப் பொருத்துகிறார். அவ்வாறு பின்னர் பொருத்தப்படும் கருவிகளில் தோன்றும் பழுதுகளையும் அவற்றைக் கண்டறியும் முறையையும் இக்கட்டுரை, தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகரின் நிலைமைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

செயற்படும் விதம்

வண்டியின் எடையைத் தாங்குவது சுருள்வில். அவ்வில் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்காதவாறு தடுப்பது அதிர்வு ஏற்பி. பட்டறைகளில் இதற்கு ஷாக் அப்சார்பர் என்று பெயர். கட்டுப்படுத்தி சுருள்வில்லைத் தொடுவதில்லை. அதிர்வு ஏற்பியினுள் பாய்மம் கடந்து செல்லும்போது அதற்கு ஏற்படும் தடையை மட்டுமே மாற்றுகிறது. எனவே வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்குமானால் அக்குறைக்கு இக்கருவி காரணமாக இருக்க முடியாது. காற்றுப்பை வகைத் தொங்கல் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

பாய்மத்தின் தடையை மாற்ற மூன்று வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. முதலாவது, அதிர்வு ஏற்பியின் தலையில் உள்ள திருகை ஒரு சிறு படிநிலை மின்னோடியால் திருப்புவது. ஜப்பானிய நிறுவனமான டெய்ன் விற்கும் இடிஎஃப்சி இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, வரிச்சுருளால் இயங்கும் வால்வு. மூன்றாவது, காந்தப்புலம் பட்டவுடன் கெட்டிப்படும் காந்தப்பாய்மம். ஒரே அறிகுறி இம்மூன்றிலும் வெவ்வேறு பொருள் தரும் என்பதால், பழுது தேடுபவர் தம் வண்டியில் உள்ளது எவ்வகை என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றுபோனால் படிநிலை மின்னோடி கடைசியாக இருந்த இடத்திலேயே நிற்கும். காந்தப்பாய்மம் இளகித் தளர்ந்துவிடும். வரிச்சுருள் வால்வு, தயாரிப்பாளர் முன்கூட்டியே தீர்மானித்த ஒரு நிலைக்குத் திரும்பும்.

வண்டியின் உடல் பொதுவாக நொடிக்கு 1 முதல் 2 முறை வரை ஆடும் தன்மையுடையது. சக்கரமோ நொடிக்கு 10 முதல் 15 முறை வரை துள்ளும். உடல் ஆட்டத்தை அடக்க விறைப்பு வேண்டும். சக்கரம் சிறு குழிகளைத் தழுவிச் செல்லத் தளர்வு வேண்டும். ஒரே அளவில் நிலைத்து நிற்கும் அதிர்வு ஏற்பி இவ்விரண்டையும் முழுமையாக நிறைவேற்ற இயலாது. இக்கருவி தோன்றியதன் காரணம் இதுவே.

வரலாறு

காந்தப்பாய்மத்தை 1948 இல் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ உருவாக்கினார். வண்டியின் உடலை வானிலிருந்து தொங்கும் கொக்கியில் மாட்டியதுபோல் அசையாமல் நிறுத்தும் 'வான்கொக்கி' என்னும் கட்டுப்பாட்டுக் கருத்தை டீன் கார்னோப்பும் அவருடைய குழுவினரும் 1974 இல் வெளியிட்டனர். டொயோட்டா 1983 இல் தன் சோரர் மகிழுந்தில் மின்னணு முறையில் மாறும் அதிர்வு ஏற்பிகளைப் பொருத்தியது. ஃபார்முலா 1 பந்தயங்களில் லோட்டஸ் நிறுவனத்தின் செயற்படு தொங்கலுடன் அயர்டன் சென்னா 1987 இல் மொனாக்கோவிலும் டெட்ராயிட்டிலும் வென்றார். 1992 இல் வில்லியம்ஸ் அணி இம்முறையால் ஏனையோரைத் தொலைவில் விட்டுச் சென்றதைத் தொடர்ந்து, 1994 முதல் அது தடை செய்யப்பட்டது. காந்தப்பாய்ம அதிர்வு ஏற்பி 2002 இல் கேடிலாக் மகிழுந்தில் விற்பனைக்கு வந்தது.

தென்சென்னைப் புறநகர்

குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949 இல் நிறுவிய சென்னை தொழில்நுட்பக் கழகத்தில் தானுந்துப் பொறியியல் தொடக்கம் முதலே கற்பிக்கப்படுகிறது. தெற்கே மகிந்திரா உலக நகரில் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை 2007 இல் திறக்கப்பட்டது. அங்கேயே அமைந்துள்ள மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான பிஇ 6, எக்ஸ்இவி 9இ என்னும் மின் மகிழுந்துகள் 2024 நவம்பரில் அறிமுகமாயின. அவற்றில் பகுதிச் செயற்படு தொங்கல் இடம்பெற்றுள்ளது. மேற்கே ஒரகடத்தில் வாகன ஆய்வு மையமும், இருங்காட்டுக்கோட்டையில் 1990 இல் திறக்கப்பட்ட பந்தயத் தடமும் உள்ளன.

இப்பகுதியில் விரைவு மகிழுந்து வைத்திருப்பவர் இருவேறு சாலைகளுக்கு ஒரே வண்டியை ஓட்டுகிறார். பந்தயத் தடத்தில் வண்டி தாழ்வாகவும் விறைப்பாகவும் இருத்தல் நன்று. வீட்டுத் தெருவில் அது இயலாது. இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 99 நெறிமுறையின் 1988 பதிப்பு, வேகத்தடையை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக அமைக்கச் சொன்னது. விரைவு மகிழுந்துகள் பலவற்றின் தரை இடைவெளி 10 முதல் 13 சென்டிமீட்டரே. புறநகர்த் தெருக்களில் உள்ள வேகத்தடைகள் எல்லாம் அந்நெறிமுறையைப் படித்துப் போடப்பட்டவை அல்ல என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

மழை இன்னொரு காரணி. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் அப்பகுதிகளில் நீர் தேங்கியது. உயரம் காட்டும் உணரிகளும் அவற்றின் இணைப்பிகளும் சக்கரத்தின் அருகிலேயே இருப்பதால், முழங்கால் அளவு நீரில் நின்ற வண்டியில் அவை முதலில் நனையும். நீர் வடிந்த அன்று கருவி நன்றாகவே இயங்கலாம். செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறிச் சில மாதங்கள் கழிந்த பின்னரே பழுது வெளிப்படும்.

பழுது கண்டறிதல்

எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் கட்டுப்படுத்தியையே மாற்றிவிடுவது பரவலாகக் காணப்படும் வழக்கம். பெரும்பாலும் வீண் செலவு. மூடிய பெட்டிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றைவிட, நீரிலும் புழுதியிலும் கிடக்கும் கம்பிகளும் இணைப்பிகளும் ரப்பர் உறுப்புகளும் முன்னதாகக் கெடுகின்றன. ஆகவே எளிதானதிலிருந்து தொடங்குதல் நலம்.

முதலில் கருவியைத் தானியங்கு நிலையிலிருந்து விலக்கி, நான்கு சக்கரங்களையும் ஒரே நிலையான விறைப்பில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். 'டக் டக்' என்னும் ஓசை அப்போதும் கேட்குமானால் தேய்ந்த புஷ், பந்து மூட்டு, மேல்தாங்கி ஆகியவற்றை ஆராய வேண்டும். அதிர்வு ஏற்பியின் தண்டில் எண்ணெய் கசிந்திருந்தால் எந்த மின்னணுக் கருவியாலும் அதை ஈடு செய்ய முடியாது.

அடுத்தது மின்வழங்கல். இயந்திரம் ஓடும்போது கட்டுப்படுத்தியின் முனையில் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட்டு இருத்தல் வேண்டும். மின்கலத்தில் சரியாக இருந்து கருவியில் மட்டும் குறைந்தால், ஃபியூஸ், ரிலே, எர்த் எனப்படும் உடலிணைப்பு ஆகியவற்றில் ஒன்று காரணமாகும். இவ்வளவைக் கருவி வேலை செய்துகொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். சுமையில்லாத கம்பியில் துருப்பிடித்த இணைப்பும் முழு மின்னழுத்தத்தைக் காட்டி ஏமாற்றும்.

ஒரு மூலையில் மட்டும் குறை தெரிந்தால் இடமாற்றுச் சோதனை சிறந்தது. இடது மின்னோடியை வலப்பக்கமும் வலது மின்னோடியை இடப்பக்கமும் மாற்றிப் பொருத்த வேண்டும். பழுது மின்னோடியுடன் சேர்ந்து இடம்பெயர்ந்தால் மின்னோடியே கெட்டது; பழைய இடத்திலேயே நின்றால் கம்பியையோ கட்டுப்படுத்தியையோ ஐயுற வேண்டும். வரிச்சுருளாயின் கழற்றி மாட்டத் தேவையில்லை. ஒரே அச்சில் உள்ள இரண்டின் மின்தடையையும் அளந்து ஒப்பிட்டாலே போதும்.

படிநிலை மின்னோடிகளில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. பெரும்பாலான அமைப்புகளில் மின்னோடி தான் நிற்கும் இடத்தைத் தானே அறியாது. வண்டியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு கோடி வரை சென்று முட்டி, அங்கிருந்து படிகளை எண்ணத் தொடங்குகிறது. திருகு இறுகியிருந்தாலோ இணைப்பு வழுக்கினாலோ எண்ணிக்கை தவறும். திரையில் நான்கும் ஒரே எண்ணைக் காட்ட, சக்கரங்களில் மூன்று மட்டும் அந்நிலையில் இருக்கும். எச்சரிக்கை விளக்கும் எரியாது. இதுவே மிகுந்த தீங்கு பயக்கக்கூடிய பழுது: இடப்புறத் திருப்பத்தில் ஒருவிதமாகவும் வலப்புறத் திருப்பத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும் வண்டியை, பந்தயத் தடத்தின் வேகத்தில்தான் ஓட்டுநர் கண்டுகொள்கிறார். மின்னோடியைக் கழற்றி, திருகைக் கையால் முழுவதும் திருப்பிப் பார்த்தே இதை உறுதி செய்ய இயலும்.

உணரிகளைப் பொறுத்தவரை, உயர உணரிகளுக்குப் பொதுவாக 5 வோல்ட்டு வழங்கப்படுகிறது. வண்டி எழும்பித் தாழும்போது அவற்றின் வெளியீடு சீராக மாற வேண்டும். சுருள்வில்லை மாற்றி வண்டியைத் தாழ்த்தியவரும், வேகத்தடைக்கு அஞ்சி உயர்த்தியவரும் உணரியின் இணைப்புத் தண்டைச் சரிசெய்ய மறந்தால், நல்ல உணரியும் எல்லை கடந்த அளவையே தரும். முடுக்கமானியைச் சமதளத்தில் நிறுத்தியே சுழியாக்க வேண்டும். கழுவுநீர் வடியச் சரித்துக் கட்டப்பட்ட பட்டறைத் தரை இதற்கு ஏற்றதன்று. வண்டி நண்பகலில் மட்டும் பழுது காட்டி மாலையில் சரியாகுமாயின் வெப்பத்தை நினைக்க வேண்டும். மே மாத வெயிலில் மூடி நிற்கும் வண்டியினுள் கருவி எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்பது முக்கியம்.

வண்டியில் ஏற்கெனவே தொழிற்சாலைக் கட்டுப்படுத்தி இருந்து, அதன் அதிர்வு ஏற்பிகளை அகற்றிவிட்டு வேறு அமைப்பைப் பொருத்தியிருந்தால், பழைய கட்டுப்படுத்தி தன் வரிச்சுருள்களைக் காணாமல் எச்சரிக்கை தரும். அதைத் தணிக்க மின்தடைகள் அடங்கிய ஒரு சிறு பெட்டி இணைக்கப்படுகிறது. அப்பெட்டியின் இணைப்பு தளர்ந்தாலே விளக்கு எரியும். இதில் புதிய அமைப்பின் குற்றம் ஏதுமில்லை. குறியீடு படிக்கும் மலிவான கருவிகள் பல இயந்திரப் பழுதுகளை மட்டுமே காட்டுவன. தொங்கலைச் சார்ந்தவை 'சி' எழுத்திலும், தரவுத் தொடர்பைச் சார்ந்தவை 'யு' எழுத்திலும் தொடங்கும்; அவற்றைப் படிக்கும் கருவியே தேவை. பாஷ் நிறுவனம் 1986 இல் அறிமுகப்படுத்திய கேன் தரவுத்தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள் உள்ளன. மின்கலத்தைத் துண்டித்து அதன் இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்துள்ளது; சுழியை ஒட்டி வந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டுள்ளன.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்ற இயலாது என்று உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டியின் நிலை வேறு. பொதுச் சாலையில் ஓட்டப்படும் வண்டியாயின், கருவியை வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து வடிவில் கேட்டுக்கொள்வது ஏற்றது.