இடுக்குப் பாட்டு

என் கடையில் ஒரு நீள நோட்டு இருந்தது. பற்று வரவு எழுதும் நோட்டு என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதில் நான் எழுதி வைத்தது பாட்டுகளின் நேரம். படத்தின் பெயர், பாடியவர் பெயர், எதிரே இத்தனை நிமிடம், இத்தனை விநாடி. மூன்று நிமிடத்துக்குள் முடிகிற பாட்டுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டிருப்பேன். அந்த வகைக்கு நானே வைத்த பெயர் ‘இடுக்குப் பாட்டு’.

கோவில்பட்டியில் 1985 முதல் 2007 வரை 22 வருடம் ரெக்கார்டிங் சென்டர் நடத்தினேன். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் 27 நிமிடம் ஆகிவிடும். ஏழாவது பாட்டுக்கு இடம் போதாது. மிச்ச நாடாவை அப்படியே விட்டால் மறுநாள் காலையில் ஆள் வந்து நிற்பார். “அண்ணாச்சி, முழுக் கேசட்டுக்குக் காசு வாங்கிட்டு கடைசியில வெறும் இரைச்சலா விட்டிருக்கீகளே!” அந்த மூன்று நிமிட இடுக்கில் செருகத்தான் சிவப்புச் சுழிப் பாட்டுகள். பெரும்பாலும் பழைய படப் பாட்டுகள், அல்லது ஒரே பாட்டு படத்தில் சந்தோஷமாக ஒரு தடவையும் சோகமாக ஒரு தடவையும் வருமே, அந்தச் சோகத் துண்டு.

பழைய பாட்டெல்லாம் ஏன் மூன்று நிமிடத்தில் முடிகிறது என்று அந்த நோட்டை எழுதும்போதுதான் யோசித்தேன். பாடுகிறவருக்கு மூச்சு போதாமலா? இல்லை, தட்டில் இடம் அவ்வளவுதான். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் பத்து அங்குல அரக்கு இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் ஒரு பாட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம்; தட்டுக்குப் பாடும்போது அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கியாக வேண்டும். நாடகங்களை ‘செட்’ என்று பல தட்டுகளில் பதிந்து விற்றார்கள். மேல்நாட்டில் அப்படிப் பல தட்டுகளை உறை உறையாகச் செருகி, போட்டோ ஆல்பம் மாதிரி அட்டை போட்டுக் கட்டினார்கள். ‘ஆல்பம்’ என்ற பெயரே அந்த அட்டைக் கட்டிலிருந்து வந்ததுதான்.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அந்த இடம் என்ன செய்தது என்பதற்கு நம் வீடுகளிலேயே சாட்சி உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்.பி.யாக வந்தது. சுமார் 20 நிமிடம் ஓடுகிற அதை அரக்குத் தட்டில் போட்டிருந்தால் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். சுவாமியும் எழுந்திருப்பார், நாமும் எழுந்திருப்போம்.

சினிமாப் பாட்டுக்குச் சின்ன இ.பி. தட்டுதான் அதிகம் ஓடியது. பக்கத்துக்கு இரண்டு, ஆக நாலு பாட்டு. அதற்குப் பின்னால் கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963இல் அறிமுகப்படுத்திய பொருள். எங்கள் ஊரில் அது வீட்டுச் சாமானானது எண்பதுகளில். வளைகுடா போய் வந்தவர் வீட்டில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் இருக்கும். சுற்றிலும் பத்து வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

கேசட்டில் வந்த ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டு ஒரு பக்கத்திலேயே முடிந்துவிடும். மறுபக்கத்தைச் சும்மா விடாமல் கம்பெனிக்காரர்கள் இன்னொரு படத்தைப் போட்டு விற்றார்கள். ஏ பக்கத்தில் பெரிய கதாநாயகன், பி பக்கத்தில் பெயர் தெரியாத புதுமுகம். பெரிய படத்துக்காகக் காசு கொடுத்தவர், ஏ பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடுவார். வாங்கியாயிற்றே! அப்படிக் கேட்டுக் கேட்டே பி பக்கத்துச் சின்னப் படத்தின் பாட்டு ஊரில் பரவும். படம் இரண்டு வாரம்கூட ஓடியிருக்காது. பாட்டு இருபது வருடம் ஓடும். பாட்டு மட்டுமில்லை, வசனமும் ஓடியது. 1984இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசனக் கேசட் ஒலிக்காத டீக்கடை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

முழு ஆல்பம் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்டவையும் உண்டு. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வந்தது. படம் இல்லை, பாட்டு வரியும் இல்லை. தியாகராஜரையும் மேல்நாட்டு இசைமேதை பாக்கையும் வணங்கிச் செய்த வெறும் இசை. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் பதிந்து கொடுங்கள் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் முழுவதையும்தான் கேட்டார்கள்.

மற்றதெல்லாம் பிரித்துத்தான் விற்றேன். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். ஆல்பத்தைக் கணினி உடைத்துவிட்டது, செல்போன் கெடுத்துவிட்டது என்று இன்று பலர் வருத்தப்படுகிறார்கள். கணினி கோவில்பட்டிக்கு வருவதற்கு முன்பே அதை உடைத்த ஆட்களில் நானும் ஒருவன்.

வேலை இப்படித்தான் நடக்கும். கடைக்கு எல்.பி. தட்டும் கம்பெனிக் கேசட்டும் வாங்கி வைத்திருப்பேன். வாடிக்கையாளர் நோட்டுத் தாளிலோ சிகரெட் அட்டையின் உள்பக்கத்திலோ பஸ் டிக்கெட்டின் பின்னாலோ பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார். பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டு படம். நோட்டைப் பார்த்து நேரத்தைக் கூட்டி, ஏ பக்கம் பி பக்கம் பிரித்து, டபுள் டெக்கில் பதிவேன். காலையில் முதல் வேலை, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பது. கடைசி வேலை, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுவது. உடைக்காவிட்டால் வீட்டுப் பிள்ளை தெரியாமல் சிவப்புப் பொத்தானை அமுக்கி, பாட்டுக்கு நடுவே தன் மழலையைப் பதிந்துவிடும். அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

சட்டப்படி இது தப்பு. பதிவு உரிமை என்னிடம் இல்லை. ‘ரெய்டு வருது’ என்று பக்கத்துக் கடையிலிருந்து குரல் வந்தால் ஷட்டரை இறக்கியவன்தான் நானும். அந்தப் பாட்டுகளுக்கு இசை போட்டவருக்கும் எழுதியவருக்கும் என் கடையிலிருந்து ஒரு பைசா போனதில்லை. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

ஆனாலும் அந்தப் பிரித்துக் கோத்த வேலையில் ஒரு கணக்கு இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ்காரர் ஒருவர் மாதம் இரண்டு கேசட் வாங்குவார். தீக்குச்சிக் கட்டை அடுக்குகிற பெண்களுக்குக் கை ஓட வேண்டும் என்பதால் காலையில் வேகமான பாட்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் கலைக்க இன்னும் வேகம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மெல்லிசை. சங்கரன்கோவில் வழியில் ஓடிய தனியார் பஸ் டிரைவருக்கு வேறு கணக்கு. முதல் மூன்றும் பக்திப் பாட்டு: சீர்காழி பாடிய பிள்ளையார் பாட்டு, நாகூர் ஹனிபா, அப்புறம் ஒரு ஏசுநாதர் பாட்டு. வண்டியில் எல்லாரும் ஏறுவார்கள் அல்லவா! ஊர் எல்லை தாண்டியதும் காதல். கழுகுமலை நெருங்கும்போது பக்கம் மாற்ற வேண்டும். கண்டக்டர் அதைச் சரியாகச் செய்வார். 90 நிமிடக் கேசட் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். அதில் நாடா மெல்லிசு. என்ஜின் சூட்டுக்குச் சுருண்டு ஹெட்டில் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

என் தொழில் முடிந்தது சி.டி.யால் இல்லை. எம்.பி.3 என்கிற சுருக்கும் வித்தையால்தான். வழக்கமான தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 700 மெகாபைட் பிடிக்கிற ஒரு தட்டில் 150 பாட்டு. முதல் தடவை அப்படி ஒரு தட்டை பிளேயரில் போட்டபோது ஒன்றைக் கவனித்தேன். பாட்டுகள் கோப்பின் ஆங்கிலப் பெயர் வரிசையில் ஓடின. ‘ஏ’யில் தொடங்கும் பாட்டு முதலில், ‘வி’யில் தொடங்கும் பாட்டு தூக்கம் வந்த பிறகு. தாலாட்டுக்கு அடுத்து குத்துப் பாட்டு. கம்பெனிக்காரர் கோத்த வரிசை போயிற்று, நான் கோத்த வரிசையும் போயிற்று, எழுத்து வரிசை வந்து உட்கார்ந்தது. நோட்டை மூடி வைத்தேன். 150 பாட்டு பிடிக்கிற இடத்தில் இடுக்கு ஏது?

இதே காலத்தில் அமெரிக்காவில் பெரிய வியாபாரமே மாறிக்கொண்டிருந்தது. 1999இல் நாப்ஸ்டர் வந்து பாட்டைக் காசில்லாமல் கைமாற்ற வழி செய்தது. 2003 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி ஐடியூன்ஸ் கடையைத் திறந்து, ஒரு பாட்டு 99 சென்ட் என்று விலை வைத்தது. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. ஆல்பம் முழுவதையும் வாங்கினால்தான் அந்த ஒரு பாட்டு கிடைக்கும் என்ற கட்டாயம் பெரிய அளவில் சட்டப்படியே உடைந்தது அன்றுதான். சிகரெட் அட்டையில் பட்டியல் எழுதிக்கொண்டு என் கடைக்கு வந்தவர் கேட்டதும் அதைத்தான். ஆப்பிள்காரர்கள் உரிமம் வாங்கிச் செய்தார்கள். நான் ஷட்டரை இறக்கினேன்.

நம் ஊரில் பாட்டு விற்பனை கணினி வழியாக வரவில்லை, செல்போன் வழியாக வந்தது. காலர் டியூன்! பாட்டுக்குக் காசு கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்த மக்கள், தன்னை அழைப்பவர் காதில் ஒலிக்கும் அரை நிமிடத்துக்கு மாதாமாதம் காசு கட்டினார்கள். ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்ததே 2012 டிசம்பரில்தான். அதற்குள் பாட்டின் எந்த அரை நிமிடம் தனியே நிற்கும் என்ற கேள்வி இசைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததை எல்லாரும் பார்த்தோம். 2011 நவம்பரில் ‘3’ படத்தின் கொலவெறிப் பாட்டு தனியாக வந்தது. ஸ்டூடியோவில் பாடுகிற காட்சியோடு யூடியூபில் விட்டார்கள். படம் தியேட்டருக்கு வந்ததோ 2012 மார்ச் கடைசியில். நாலு மாதம் ஒரே பாட்டு படத்தை இழுத்து வந்தது. இன்று அதுவே முறையாகிவிட்டது. முதல் சிங்கிள், இரண்டாவது சிங்கிள், அதற்கொரு அறிவிப்பு, அந்த அறிவிப்புக்கு ஒரு முன்னறிவிப்பு. ஆறு பாட்டும் ஒரே நாளில் ஒரே அட்டையில் வந்த காலத்தில், ஒன்று இழுத்தால் ஐந்தும் கூட வரும். இப்போது ஒவ்வொரு பாட்டும் தனியாக வந்து தன் காலில் நின்றாக வேண்டும்.

பாட்டின் உடம்பும் மாறியது. ஸ்பாட்டிஃபை போன்ற செயலியில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. முகப்பிசைக்கே முக்கால் நிமிடம் எடுத்துக்கொள்ள எந்த இசையமைப்பாளருக்கு இனி தைரியம் வரும்? பல்லவிக்கு முன் வயலின்கள் எழும்பி, புல்லாங்குழல் ஒன்று வழி காட்டி, தபேலா வந்து சேர்ந்து, அதற்கப்புறம் குரல் திறக்கிற அழகு அருகிவிட்டது. இரண்டாவது சரணமும் பல பாட்டுகளில் இல்லை. 2014 டிசம்பரில் அமெரிக்க பில்போர்டு விற்பனைப் பட்டியல் ஒரு கணக்குப் போட்டது: செயலியில் ஓர் ஆல்பத்தின் பாட்டுகளை 1500 தடவை கேட்டால் அப்போதைய விகிதத்தில் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். முழுக்கக் கேட்டாலும் சரி, ஒன்றையே 1500 தடவை கேட்டாலும் சரி. ஆல்பம் என்ற சொல் கணக்குப் புத்தகத்தில் தங்கிவிட்டது.

நன்மையும் உண்டு. என் கடையில் எழுதப்படாத கணக்கு இப்போது எழுதப்படுகிறது. எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது பதிவாகிறது. 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், சினிமாப் பாட்டாக இருந்தாலும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்றது. தயாரிப்பாளர் உதவியில்லாமல், படமும் இல்லாமல், ஒரு பையன் தன் பாட்டைத் தன் அறையிலிருந்து உலகத்துக்கு அனுப்ப முடிகிறது. எண்பதுகளில் அவன் என் கடை வாசல் வரைதான் வந்திருப்பான்.

இழந்தது பி பக்கத்தை. வாங்கிவிட்டோமே என்று கேட்டு, கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போகிற பாட்டுக்கு இன்று வழி இல்லை. பிடிக்கவில்லையா, விரலால் தள்ளு. பத்தாவது தடவையில் பிடிக்கிற பாட்டுக்கு முதல் தடவையே முழுதாகக் கிடைப்பதில்லை.

போன மாதம் பழைய நோட்டை எடுத்து, பேரனின் போனில் ஒவ்வொரு பாட்டாகத் தேடச் சொன்னேன். பெரிய படங்கள் எல்லாம் இருக்கின்றன. சிவப்புச் சுழிகளிலும் பாதிக்கு மேல் இருக்கின்றன. பி பக்கத்துச் சின்னப் படங்களில் ஒன்பது படத்தின் பாட்டுகள் எந்தச் செயலியிலும் அகப்படவில்லை. அவற்றில் நாலு என்னிடம் கேசட்டாக இருக்கின்றன. மீதி ஐந்து எந்த வீட்டுப் பரணிலோ இருக்கும். உங்கள் வீட்டில் கேசட் பெட்டி இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். நாடா ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வருடம் ஒரு தடவை முழுக்க ஓட்டிச் சுற்றி வையுங்கள். கணினியில் ஏற்றத் தெரிந்த பிள்ளை யாராவது கிடைத்தால் பி பக்கத்தை முதலில் ஏற்றச் சொல்லுங்கள். ஏ பக்கம் எங்கும் கிடைக்கும்.