மறுப்பைத் தடுத்த சட்டமும் வாடகை என்னும் சிக்கலும்: எச்.ஐ.வி.யுடன் வாழும் எளியோரின் குடியிருப்பு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் வெளிப்பட்டது. அதன்பின் தமிழகத்தில் உருவான ஏற்பாடுகள் பெரிதும் மருத்துவமனையையே மையமாகக் கொண்டவை. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தோன்றியது. காசநோய்க்கென 1928இல் நிறுவப்பட்ட தாம்பரம் மருத்துவமனை இந்நோயாளிகளுக்கும் இடமளித்தது; 2004 ஏப்ரலில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியபோது முதல் மையங்களுள் ஒன்றாகவும் அமைந்தது. உயிர்பிழைத்து வீடு திரும்பியவருக்கு வீடு எங்கே என்னும் வினாவுக்கு இவ்வேற்பாடுகளில் விடையில்லை.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்று, எய்ட்ஸ் பாதிப்புக்கு உள்ளான குறைந்த வருவாயினரின் வாடகைக்கே அரசு நிதியை ஒதுக்கியது. இந்தியா வேறு வழியைத் தேர்ந்தது. 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, தொற்றைக் காரணங்காட்டி வாடகைக் குடியிருப்பை மறுப்பதைத் தடை செய்கிறது. நலத் திட்டங்களை எளிதில் அடையச் செய்யுமாறு அரசுகளைப் பணிக்கிறது. வாடகையைப் பெயர்சுட்டிக் கூறவில்லை.

தடை மட்டும் போதுமா என்பதைத் திருவண்ணாமலை போன்ற கோயில் நகரில் வைத்துப் பார்ப்பது தகும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திரளும் அடியார்களுக்கு அறைகள் நாள் வாடகைக்குப் போகின்றன. கார்த்திகை தீபத்தின்போது கேட்கவே வேண்டியதில்லை. இத்தகைய ஊரில் மாத வாடகைக்கு வருபவரை மறுக்க வீட்டு உரிமையாளருக்குக் காரணம் தேவையில்லை. "வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம்" என்றால் போதும். உண்மைக் காரணம் நோயே எனக் குறைதீர்ப்பாளர் முன் நிறுவ வேண்டுமெனில், முறையிடுபவர் தம் நோய்நிலையைத் தாமே வெளிப்படுத்த நேரும். வழக்கில் புனைபெயரைப் பயன்படுத்த அச்சட்டம் இடந்தருகிறது என்பது உண்மையே. எனினும் எதிர்த்தரப்பில் நிற்கும் உரிமையாளருக்கு அவர் இன்னார் என்பது தெரியும். அண்டை வீட்டாருக்குத் தெரிய நெடுநாள் ஆகாது. மறைபொருள் காக்கும் உரிமையும் வீடு கோரும் உரிமையும் இங்கு ஒன்றையொன்று தடுக்கின்றன.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. முன்பணமும் வாய்ச்சொல்லுமாகக் கைமாறும் ஒற்றையறை வீடுகளில் அத்தகைய தாள் அரிது. அங்குக் குடியிருப்பவர் நாள்தோறும் உண்ண வேண்டிய மாத்திரைகளையும் ஒளித்தே வைக்கிறார்.