கூறியது கூறல் சிக்கல் (இயற்கைத் தேர்வு)

கூறியது கூறல் சிக்கல் என்பது இயற்கைத் தேர்வுக் கொள்கையின் மீது உயிரியல் மெய்யியலில் எழுப்பப்படும் ஒரு வினா ஆகும். "தக்கன பிழைக்கும்" எனப்படுகிறது. தக்கவை எவை என்ற கேள்விக்குப் "பிழைத்தவை" என்பதே விடையானால், "பிழைத்தவை பிழைத்தன" என்று மட்டுமே கூறியதாகிறது. அக்கூற்று ஒருபோதும் பொய்யாகாது. ஆனால் எதையும் விளக்காது.

தொடரின் வரலாறு

இத்தொடரை உருவாக்கியவர் டார்வின் அல்லர். ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864 இல் இதனைப் பயன்படுத்தினார். "தேர்வு" என்ற சொல் தேர்ந்தெடுக்கும் ஒருவர் இருப்பதாகப் பொருள் தருவதால், ஸ்பென்சரின் தொடரை ஏற்குமாறு 1866 இல் வாலஸ் டார்வினுக்கு எழுதினார். "உயிரினங்களின் தோற்றம்" நூலின் ஐந்தாம் பதிப்பில் (1869) டார்வின் இதனைச் சேர்த்தார்.

பாப்பரின் கருத்து

அறிவியல் கொள்கை என்பது பொய்ப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றவர் கார்ல் பாப்பர். டார்வினியம் சோதித்துப் பார்க்கத்தக்க கொள்கை அன்று என 1970களில் எழுதிய அவர், 1977 இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில் அக்கருத்தை மாற்றிக்கொண்டார்.

விடைகள்

1970களின் இறுதியில் ராபர்ட் பிராண்டன், சூசன் மில்ஸ், ஜான் பீட்டி ஆகியோர் தகுதியை ஓர் இயல்திறனாக வரையறுத்தனர். அதாவது, தகுதி என்பது பிழைத்துவிட்டது என்னும் முடிவு அன்று. குறிப்பிட்ட சூழலில் பிழைத்து இனம் பெருக்குவதற்கான வாய்ப்பு ஆகும். ஒரே தன்மையுடைய இரு நாற்றுகளில் ஒன்று மாட்டின் குளம்பில் நசுங்கினால், மற்றது கூடுதல் தகுதி உடையதாகிவிடாது. எனவே தக்கது அழியவும் கூடும். தகாதது பிழைக்கவும் கூடும்.

கள ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜர் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் குழுவினர் குருவிகளின் அலகுகளை அளந்து வந்தனர். 1977 இல் ஏற்பட்ட வறட்சியில் நடுத்தர நிலக்குருவிகளுள் ஏறத்தாழ 85 விழுக்காடு மறைந்தன. சிறு விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகளே எஞ்சியதால், பெரிய அலகுடையவை கூடுதலாகப் பிழைத்தன. 1982-83 பெருமழைக்குப் பின் சிறு விதைகள் மிகுந்தன. அப்போது தேர்வு எதிர்த்திசையில் நிகழ்ந்தது. அலகின் அளவு, எவை பிழைக்கும் என்று தெரியும் முன்னரே அளக்கப்பட்டது. ஆகவே "இச்சூழலில் பெரிய அலகு தக்கது" என்பது பொய்யாகியிருக்கக்கூடிய கூற்றாகும். கூறியது கூறல் அன்று.

தொடரும் விவாதம்

தகுதி என்பது மாற்றத்திற்குக் காரணமா, அல்லது தனி உயிர்களின் பிறப்பு இறப்புகளைத் தொகுத்துரைக்கும் புள்ளியியல் அளவு மட்டுமா என்ற வினா 2002 முதல் மெய்யியலாளரிடையே விவாதிக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- இயற்கைத் தேர்வு
- பொய்ப்பிக்கத்தக்கமை
- டார்வினின் குருவிகள்