பல் சக்கரமும் பே ஸ்கேலும்

குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயில் நின்றதும் நீங்கள் என்ன செய்வீர்கள்? இறங்கி ஒரு டீ, நாலு போட்டோ. அதற்குள் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஊட்டிக்குப் போக டீசல் இன்ஜினை மாட்டியிருப்பார்கள். கழற்றிய இன்ஜின் எங்கே போகிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

ஷெட்டுக்குப் போகிறது. அங்கே கிரீஸ் படிந்த சட்டையோடு அதற்காகக் காத்திருப்பவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்துவிட்டது ரயில். இதில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கிலோமீட்டர்தான் வில்லங்கம். பன்னிரண்டரை அடி நகர்ந்தால் ஓர் அடி உயர வேண்டும்! வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக இரும்புப் பட்டை. அதைக் கவ்விக்கொண்டு ஏற, இன்ஜினுக்கு அடியில் பல் சக்கரம். ‘எக்ஸ்’ ரக இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்களில் சக்கரத்தைச் சுழற்றிய அதே நீராவியை அடுத்த இரண்டுக்கு அனுப்பி, பல் சக்கரத்தையும் சுற்ற வைப்பார்கள். ஒரே ஆளிடம் டபுள் டியூட்டி வாங்குகிற மாதிரி!

இந்த ரக இன்ஜின்கள் 1914-லிருந்து 1925-க்குள் 12, பிறகு 1952-ல் 5 வந்தன. எல்லாம் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துச் சரக்கு. செய்த கம்பெனியோ 1990-களின் கடைசியில் துண்டு துண்டாகப் பிரிந்தே போய்விட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமென்று யாருக்குப் போன் போடுவது? தேய்ந்ததை அளந்து, அதே மாதிரி புதிதாகச் செய்துதான் மாட்ட வேண்டும். பாய்லரை ஆறவிட்டு உள்ளே படிந்த உப்பைக் கழுவ வேண்டும். பல் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இறக்கத்தில் ‘ஸாரி’ சொல்ல நேரமிருக்காது.

சரி, இதற்கு என்ன சம்பளம்? பி.காம். படித்த புத்தி, முதலில் அங்கேதான் போகிறது. ரயில்வேயில் மூன்றாம் நிலை டெக்னீஷியனின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 1986 ஸ்கேலில் 950 ரூபாய். 1996-ல் 3,050. 2006-ல் 5,830, கூடவே கிரேடு பே 1,900. 2016-ல் 19,900. சமவெளியில், ஒரே அச்சில் வார்த்த டீசல் இன்ஜின்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டருக்கும் இதே கணக்குதான். ஸ்கேல் பதவியைத்தான் பார்க்கும், இன்ஜினைப் பார்க்காது.

அநியாயம் என்று அவசரப்படாதீர்கள். இந்தப் பொது ஸ்கேல் இருப்பதால்தான், அதிகாரிக்குப் பிடித்தவனுக்கு ஒரு சம்பளம், பிடிக்காதவனுக்கு ஒரு சம்பளம் என்பது இல்லை. சம்பளம், போனஸ் கேட்டு 1974 மே மாதம் 20 நாள் நாட்டையே நிறுத்திப் பார்த்தார்கள் ரயில்வே தொழிலாளர்கள். அத்தனை பேர் சேர்ந்து கேட்டதற்கே கைது, வேலைநீக்கம். குன்னூர் ஃபிட்டர் தனியாகப் பேரம் பேசினால் என்ன கிடைத்திருக்கும்?

பேரம் பேச அவரிடம் இருப்பது பல் சக்கர வித்தை. இந்தியாவில் பல் சக்கர ரயில் இது ஒன்றுதான்; அதாவது, அந்த வித்தையை விலைக்கு வாங்க ஒரே ஒரு முதலாளி. கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியில் போய்ச் சொன்னால், “அது சரிங்க தம்பி, மோட்டார் வைண்டிங் தெரியுமா?” என்று கேட்பார்கள்! ரயில்வேக்கும் இதே சிக்கல்தான். இவர் போய்விட்டால் பதிலுக்கு வெளியே ஆள் கிடைக்காது. ஆனாலும் விலை என்னவோ ஒரு பக்கம்தான் நிர்ணயமாகிறது.

அப்புறம் எதற்காக அங்கேயே கிடக்கிறார்கள்? அரசாங்க வேலை, பென்ஷன்... அதெல்லாம் உண்டுதான். ஆனால், காலையில் தன் கை பட்ட இன்ஜின் மத்தியானம் மேகத்துக்குள்ளிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கிற சுகம் எந்த ஸ்கேலிலும் வராது. 1998-ல் ‘உயிரே’ படத்தில் ஷாருக்கான் ஆடியது இந்த மலை ரயில் மேல்தான். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பே ஸ்லிப்பில் அதற்கென்று தனி வரி எதுவும் சேரவில்லை.

2011-ல் திருச்சி பொன்மலைப் பணிமனை ஒரு காரியம் செய்தது. ஸ்விஸ்காரன் செய்த அதே எக்ஸ் ரக இன்ஜினை, எண்ணெயில் ஓடும்படி புத்தம் புதிதாக இங்கேயே செய்துவிட்டது. 2021-ல் நிலக்கரியில் ஓடுவதையும் செய்தது. ஆயிரக்கணக்கான பாகங்களை அளந்து, கடைந்து, பொருத்திய அந்த டெக்னீஷியன்களின் சம்பளம் என்னவென்று தேடிப் பார்த்தேன். மூன்றாம் நிலைக்கு ஆரம்பம், 19,900.