மூளைக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோய்: சிகிச்சை
நுரையீரல் புற்றுநோய்ச் செல்கள் இரத்தம் வழியே மூளையை அடைந்து கட்டிகளாக வளர்வது நான்காம் நிலை நோயாகும். தலைவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்டிகளின் எண்ணிக்கையையும் அளவையும் காட்டும்.

கட்டியைச் சுற்றிய வீக்கத்தை டெக்சாமெத்தசோன் தணிக்கும். அழுத்தம் தரும் ஒற்றைப் பெரிய கட்டியை அறுவை சிகிச்சையால் அகற்றலாம். சிறிய கட்டிகள் சிலவே இருந்தால் துல்லியக் கதிர்வீச்சு பயன்படுகிறது. இதற்காக ஸ்வீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய ‘காமா கத்தி’ என்னும் கருவி 1968இல் ஸ்டாக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. தலையை அசையாமல் பொருத்தியபின், ஏறத்தாழ 200 கோபால்ட்-60 கதிர்க்கற்றைகள் கட்டியில் குவிகின்றன. முழுமூளைக் கதிர்வீச்சு நினைவாற்றலைப் பாதிக்கக்கூடும். எனினும் சிறுசெல் வகை நுரையீரல் புற்றுநோயிலும் கட்டிகள் மிகுந்தபோதும் அது தரப்படுகிறது.

புற்றுநோய்ச் செல்களில் காணப்படும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றத்துக்கு ஒசிமெர்டினிப், ஏ.எல்.கே. மாற்றத்துக்கு அலெக்டினிப், லோர்லாட்டினிப் ஆகிய மருந்துகள் மூளைக்குள்ளும் செயல்படுகின்றன. எனவே திசு மரபணுச் சோதனை சிகிச்சைத் தேர்வில் முதன்மை பெறுகிறது.